கன அடி

பாபநாசத்தில் உரக்கடை மாடியில்
ரப்பர் படகுக்குக் காற்றடித்தோம்.
பதினான்கு அடி. ஓட்டை பார்க்கத்தான்.
அடித்து முடித்த பிறகே தெரிந்தது
கதவு இரண்டே முக்கால்.

ஆகவே கூட்டம் படகுக்குள் நடந்தது.
மூட்டையெல்லாம் யூரியா வாசம்.
எதிர்ச்சுவரில் ஜியாவுதீன் ஒட்டிய வரைபடம்:
வடக்கே, மரம் ஏறாத மலைகளுக்கு நடுவே
ஒரு நீலக் கோடு.
ஐந்து நாள் அதற்குச் சாலையில்லை.
பெயரைச் சொல்லமாட்டேன்.
டிக்கெட் உறுதியாகும்வரை கூடாதென்று
சத்தியம் வாங்கியிருக்கிறான்,
துபாயில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டியவன்,
வேறெந்த சகுனமும் பார்க்காதவன்.

ஜன்னலுக்குக் கீழே குடமுருட்டி.
பங்குனி மணலில் ஸ்டம்ப் நட்டிருக்கிறார்கள்.
குடத்தையே உருட்டுமாம், பேரைப் பார்.
இன்றைக்கு ஒரு டென்னிஸ் பந்து உருள்கிறது,
அதுவும் யாராவது அடித்தால்.

அமலோற்பவம் பட்டியல் வாசித்தாள்,
ஆஸ்பத்திரி இரவுப் பணி முடிந்து நேராக வந்தவள்,
கண் பாதி மூடியபடி.
தலைக்கவசம் நான்கு. வீசுகயிறு இரண்டு.
அவல் ஆறு கிலோ.
புளிக்காய்ச்சல், கண்ணாடி பாட்டில் வேண்டாம்.
யாருக்காவது தோள்மூட்டு நழுவினால் ஏற்றிவிடுவது நான்.
எனக்கே நழுவினால்?
மூன்று பேரும் பல்லியைப் பார்த்தோம்.
'சரி, அதையும் எழுதிக்கறேன்.'

பாறையில் மோதி வெள்ளையாய் விழும் தண்ணீருக்கு
எங்கள் பக்கம் வார்த்தையில்லை.
பாறையே இல்லையே.
சுழி உண்டு, மடு உண்டு, உடைப்பு உண்டு.
உடைப்பென்றால் மணல் சாக்கும் சவுக்குக் கழியுமாக
ராத்திரி முழுக்க ஊர் கரையில் நிற்பது.
அதனால் நாங்களே பெயர் வைத்தோம்.
ஒன்றாம் நிலைக்குக் கொலுசு.
மூன்றாம் நிலைக்கு உடைப்பு.
நான்குக்கு ஜியாவுதீன் சொன்னது எழுதத்தக்கதல்ல.
ஐந்துக்கு வைக்கவில்லை,
ஐந்தில் இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு
கரையோரம் நடந்துவிடுவோம்
என்று காகிதத்தில் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு என் பொறுப்பு.
மதகு ஏற்றி இறக்கிச் சம்பளம் வாங்குகிறவள் நான்,
தையல்நாயகி, பாசன உதவியாளர்.
'ஆவணிக் கடைசியில் முந்நூறு' என்றிருந்தது குறிப்பில்.
சிரித்துவிட்டேன்.
முந்நூறு கன அடியா?
அது எங்கள் கிளை வாய்க்கால்.
ஓர் எருமை குறுக்கே படுத்தால்
கடைமடையிலிருந்து போன் வரும்.
இதற்கா தலைக்கவசம்,
இதற்கா ஆவணியில், முறைவைத்துத் தண்ணீர் விடும் நாளில்,
இஞ்சினியர் முன்னால் போய் லீவுக்கு நிற்பது?

இளவழுதி, அரிசி ஆலைக் கணக்கன்,
காலையிலிருந்து வாயே திறக்காதவன்,
கைபேசியை என் பக்கம் திருப்பினான்.
'அடி இல்லைக்கா. மீட்டர்.
முப்பத்தஞ்சால பெருக்கணும்.'

சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் பெருக்கினேன்.
பத்தாயிரத்து ஐந்நூறு, மேலே கொஞ்சம் சில்லறை.
கல்லணையில் வெண்ணாற்றை முழுசாய்த் திறந்தாலும்
வராத தண்ணீர்,
இரண்டு நெல் லாரி உரசாமல் போகமுடியாத இடுக்கில்.
மதகு கிடையாது.
போன் போட்டு இரண்டு அங்குலம் இறக்கச் சொல்ல
ஆளும் கிடையாது.

யாரும் பேசவில்லை.
கீழே ஒருவன் அவுட்டாகி
அவுட் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தான்.
அவனும் ஓய்ந்த பிறகுதான் கேட்டது
பின்பக்கம், இடது ஓரம்,
தூங்கும் குழந்தையின் மூச்சு மாதிரி
ஸ்ஸ்.

'ஓட்டை இருக்கு' என்றான் இளவழுதி.

அமலோற்பவம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
இன்னொரு கையால் பட்டியலில் எழுதினாள்: பசை.
பிறகு அவள்தான் சொன்னாள், வந்ததுக்குப் பழகிப் பார்ப்போமே.
வலது முன்னே. இடது பின்னே.
எல்லாரும் குனி.
நாலு துடுப்பும் காற்றை இழுத்தன,
என்னுடையது இரண்டு முறை சுவரில் பட்டு
அந்த ஐந்நூறின்மேல் ஒரு கீறல்.

நான்கு மணிக்கு
கதவு வழியே போகிற அளவுக்கு
படகு இளைத்திருந்தது.
யாரும் இறங்கவில்லை.